விலா எலும்பின் சத்தம்

சாயங்காலம் ஆஸ்பத்திரி சீரியல் ஓடாவிட்டால் டெய்லரம்மாவுக்குத் தையலும் ஓடாது. மெஷினையே டிவிக்கு நேராகத் திருப்பிப் போட்டிருந்தாள். சீரியல் டாக்டர் நெஞ்சில் நாலு அழுத்து அழுத்துவார். செத்தவன் இருமிக்கொண்டு எழுந்து உட்காருவான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அவள் வீட்டுக்காரருக்குச் சிரிப்புத் தாங்காது.

"இவரு கை பட்டா சுடுகாட்டுக்குப் போனவன்கூட ரிட்டர்ன் டிக்கெட் வாங்கிடுவான் போல."

"உங்களுக்கு ஒண்ணுன்னா நான்தான் அழுத்தணும். வாயை அடக்குங்க."

ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்ட தட்டோடு எழுந்தவர் அப்படியே சரிந்தார். மூச்சில்லை. மருமகள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். போனில் இருந்த பெண் சொல்லச் சொல்ல, டெய்லரம்மா மண்டியிட்டு, கைகளைக் கோத்து, நடு நெஞ்சில் அழுத்தினாள். காலமெல்லாம் மெஷின் மிதித்தவள், தாளம் தப்பவில்லை.

உள்ளே மளுக்கென்று ஒரு சத்தம். வெடுக்கென்று கையை எடுத்துவிட்டாள். சீரியலில் ஒரு நாளும் எலும்பு முறிந்ததில்லை.

"நிறுத்தாதீங்கம்மா, அழுத்துங்க," என்றது போன்.

"எலும்பை உடைச்சுட்டேன்! நானே கொன்னுடுவேன் போலிருக்கே!"

"தள்ளுங்க அத்தை, நான் அழுத்தறேன்."

"தொடாதடி! இப்ப இருமுவாரு பாரு."

மருமகளின் கையைத் தட்டிவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் இருமவில்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அழுத்தியபோது இன்னும் இரண்டு முறை அந்தச் சத்தம் கேட்டது. அவர்கள் நிறுத்தவில்லை. அவர்கள் கொண்டுவந்த இதயத் துடிப்பு காட்டும் பெட்டியின் திரையில் கோடு நேராக ஓடியது.

"கரண்ட் வைங்கப்பா! கோடு நேராப் போகுது, தெரியலையா?"

"நேராப் போனா கரண்ட் வச்சுப் பிரயோசனமில்லம்மா," என்றான் ஒருவன், அழுத்திக்கொண்டே.

ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தபின், வராந்தாவில் ஒரு நர்ஸின் கையைப் பிடித்தாள். "நான் எலும்பை உடைச்சதாலயா போனாரு?"

"அய்யோ, இல்லம்மா. சரியா அழுத்தினாலே வயசானவங்களுக்கு உடையும். நீங்க செஞ்சது சரிதான்."

நர்ஸ் ஆறுதலாகத்தான் சொன்னாள். டெய்லரம்மா நடுவில் நிறுத்தியது அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற மருமகளுக்குத் தெரியும். அவள் தரையைப் பார்த்தாள்.

இப்போதும் மெஷின் அதே இடத்தில்தான். நேற்று ஒரு சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது, டிவியில் டாக்டர் யாரையோ அழுத்தினார். மருமகள் ரிமோட்டை எடுத்தாள்.

"மாத்தட்டுமா அத்தை?"

"இருக்கட்டும்."

படுத்திருந்தவன் இருமினான்.

"முழங்கையை மடக்கிக்கிட்டு அழுத்தறான். இதுல எங்க எலும்பு உடையப்போகுது," என்றாள் டெய்லரம்மா.

மருமகள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தது போலவே தரையைப் பார்த்தாள்.