மூச்சை அளந்த பட்டி

தாலாட்டை முடிக்க முடியாமல் போனதுதான் முதல் அறிகுறி. இலங்கை மலைநாட்டில் ரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் (குழந்தைகள் காப்பகம்) எனக்கு வேலை. மடியில் பிள்ளை அழுதது. எனக்குக் காற்று போதவில்லை.

தசைக்களைப்பு நோய் (நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய்) என்று கண்டியில் சொன்னார்கள். நெஞ்சுத் தசை சோர்ந்தால் மூச்சு நின்றுவிடுமாம். நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு சுரப்பியை எடுத்தால் தேறலாமாம்; அந்த ஆபரேஷனை உடம்பு தாங்குமா என்று அறிய, ஒரு வாரம் என் மூச்சை அளக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பட்டியை என் நெஞ்சில் கட்டவைத்தார். அதற்குள் ஒளியிழை (ஒளி ஓடும் மெல்லிய கண்ணாடி நூல்). நெஞ்சு விரிந்தால் இழை வளையும், ஒளி குறையும். இடுப்பிலுள்ள சிறு பெட்டி அதைப் பதியும். மூச்சு நின்றால் கத்தும்.

"குளிக்கிற நேரம் தவிர கழட்டாதீங்கம்மா. இது ஒண்ணுதான் இருக்கு."

வடக்கில் யுத்தம் முற்றியிருந்த நேரம். தமிழ்ப் பெண் ஒருத்தி சட்டைக்குள் வயரும் பெட்டியும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் என்ன நினைப்பார்கள் என்று டாக்டருக்கும் தெரியும். சிங்களத்தில் ஒரு கடிதம் கொடுத்தார். எங்கள் வீடுகளில் காகிதமெல்லாம் ஆம்பிளை கையில்தான். என் கணவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில், மாத்தளைக்கு முன்னால் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. கடிதம் என் கணவரோடு ஆண்கள் வரிசைக்குப் போய்விட்டது.

பெண் சிப்பாயின் கை என் விலாவில் பட்டு நின்றது.

"மே மொகக்த?" (இது என்ன?)

பயத்தில் மூச்சை அடக்கிவிட்டேன். பெட்டி கத்தத் தொடங்கியது.

சனம் சிதறி ஓடியது. துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. மூச்சு விட்டால் சத்தம் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். நெஞ்சுதான் கேட்கவில்லை.

"மஹத்தயா, லியுமக் தியெனவா! கடுதாசி இருக்குங்க!" கைகளைத் தூக்கியபடி என் கணவர் அலறினார்.

எப்படியோ காற்று உள்ளே போனது. சத்தம் நின்றது. பட்டியை என் மேலேயே வைத்து அறுத்து எடுத்தார்கள். பிறகுதான் கடிதத்தை வாசித்தார்கள், போகச் சொன்னார்கள்.

"வேற பட்டி இல்லையேம்மா," என்றார் டாக்டர், மறுபடி கண்டிக்குப் போனபோது. அளவு தெரியாமல் ஆபரேஷனுக்கு அவர் துணியவில்லை. மாத்திரையைக் கூட்டினார், அவ்வளவுதான்.

இதே நோயோடு இதை வாசிப்பவர்களே, உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு வரவில்லை. பட்டிக்குப் பதிலாக இப்போது என் கணவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க, சும்மா சும்மா பாக்குறீங்க?"

"நான் பாக்கல. நீ மூச்சு விடு."

பார்க்கிறார் என்று தெரிந்ததும் மூச்சு இயல்பாக வருவதில்லை. அவர் நிம்மதிக்காக நெஞ்சு தெரிய இழுத்து விடுகிறேன், அதிலேயே களைத்துப்போகிறேன். அவர் தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போகும் கொஞ்ச நேரம்தான் இப்போது எனக்கென்று இருக்கிறது. அப்போது மட்டும் எனக்காக மூச்சு விடுகிறேன். அது நின்றுபோவதானாலும் அப்போதே நிற்கட்டும்.