ஓடவில்லை என்று சொன்ன நாள்

கொரோனாவுக்குப் பிறகு, படுத்துவிட்ட பொருளாதாரத்தை எழுப்பி நிறுத்த அரசாங்கம் பல துறைகளுக்கும் பணம் கொடுத்தது. அதில் கொஞ்சம், திருவண்ணாமலையில் நான் வேதியியல் ஆய்வு மாணவியாக இருந்த கல்லூரிக்கும் வந்தது. மார்ச் முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும் என்பது நிபந்தனை. யோசிக்க நேரமில்லாதவர்கள் பெரிய பொருளாகத்தான் வாங்குவார்கள். தண்ணீரில் கலந்திருக்கும் உலோகங்களைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கல்லூரி முதல்வர் பொத்தானை அழுத்தினார். நானும் கை தட்டினேன். என் உதவித்தொகையும் அதே திட்டத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

எனக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போடுகிற குடும்பம். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரைத்தான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். வயர் கூடையில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். யாரும் இல்லையென்று சொன்னதில்லை. பக்கத்து வீட்டுச் சித்தி மட்டும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "ரிசல்ட் வந்தா எங்கிட்ட சொல்லுவியா? கொழந்தைக்கு இந்தத் தண்ணியத்தான் குடுக்கறேன்."

"கண்டிப்பா சொல்றேன் சித்தி."

அடுத்த ஆண்டு பணம் வரவில்லை. திட்டம் நின்றுவிட்டதா, தாமதமா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த இயந்திரம் ஓட வேண்டுமென்றால் ஆர்கான் வாயு வேண்டும், ஏசி அணையாமல் இருக்க வேண்டும், பழுது பார்க்க ஆள் வர வேண்டும். முதல் ஆண்டு மின்சாரத்துக்கும் பராமரிப்புக்கும் என்று கல்லூரிக்குத் தனியாக ஒரு பங்கு கொடுத்திருந்தார்கள்தான். அது வாசலில் புது வளைவாக எழும்பி நின்றது. என் பாட்டில்களின் முறை வருவதற்குள் முதல் ஆண்டின் வாயு தீர்ந்தது, அறையைப் பூட்டினார்கள். என் உதவித்தொகையும் நின்றது.

"வேற தலைப்பு பாரும்மா," என்றார் என் நெறியாளர். நல்லவர், ஆனால் அதிர்ந்து பேசாதவர். "கேஸ் வாங்க வழியில்ல. நான் கேக்காத இடமில்ல."

"தலைப்ப மாத்த மாட்டேங்க மேடம். தண்ணி குடுத்தவங்க கேப்பாங்க."

ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் மாலை நேர வரவேற்பு வேலைக்குச் சேர்ந்தேன். பகலில் கல்லூரிக்குப் போய்ப் பூட்டிய அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்தேன். பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கட்டும் என்றுதான் அங்கே உட்கார்ந்தேன்.

பணம் எப்படிச் செலவானது என்று பார்க்க ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது. அறை திறந்தது. தரை பளபளத்தது. முதல்வர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ மெஷின் பக்கத்துல நில்லு. பழைய கிராஃபை ஸ்கிரீன்ல போட்டு வை. கேட்டா ஓடுதுன்னு சொல்லு."

"ஓடலீங்களே சார்."

"ஓடலைன்னா அடுத்த ஸ்கீம் எப்படிம்மா வரும்?"

நான் திரையில் எதையும் போடவில்லை.

குழுவின் தலைவர் கண்ணாடியை இறக்கிவிட்டு இயந்திரத்தைப் பார்த்தார். "ரெகுலரா யூஸ் பண்றீங்களா?"

"இல்லீங்க சார். ஓடறதே இல்ல. கேஸ் தீர்ந்து ரொம்ப நாளாச்சு."

முதல்வர் சிரித்தார். "சின்னப் பொண்ணு சார், டென்ஷன் ஆயிட்டா."

"டென்ஷன்லாம் இல்லீங்க சார். உண்மையத்தான் சொல்றேன்."

"மெஷின கவர்மெண்ட் குடுத்தாச்சும்மா," என்றார் தலைவர். "ஓட்டற செலவு காலேஜோட பொறுப்பு."

"யானையக் குடுத்துட்டுத் தீனிக்கு நீயே பாத்துக்கன்னா எப்படிங்க சார்?"

அப்போது, நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து, நெறியாளர் பேசினார்: "அவ சொல்றது சரிதாங்க சார். பராமரிப்புக்குக் குடுத்த பணம் இந்த ரூமுக்கு வரல."

அன்றே அறையை மறுபடி பூட்டினார்கள். "உன் பி.எச்.டி எப்படி முடியுதுன்னு பாக்கறேன்," என்றார் முதல்வர்.

"நானும் அதத்தான் பாக்கறேன் சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நெறியாளருடன் படித்த ஒருவர் வேலூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தார். அங்கிருந்த இதே மாதிரி இயந்திரத்தை விடுமுறை நாட்களில் எங்களுக்குத் தந்தார். புதிதாகத் தண்ணீர் பிடித்துப் பேருந்தில் கொண்டுபோனேன். பெரும்பாலான கிணறுகள் நன்றாக இருந்தன. சிலவற்றில் ஈயம் ஜாஸ்தி. சித்தி வீட்டு போர் அதில் ஒன்று.

நேரே போய்ச் சொன்னேன். "இதச் சொல்ல இவ்ளோ நாளா?" என்று கத்தினாள். அந்தக் கோபம் நியாயமானது. அது என்மேல் வர வேண்டியதில்லை என்றாலும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் அவளே தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். கூடவே நானும் போனேன். வேறு போரிலிருந்து அந்தத் தெருவுக்குக் குழாய் இழுத்துக்கொடுக்கும்வரை அவர்கள் விடவில்லை.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் திட்டத்தையும் கல்லூரி நிர்வாகத்தையும் சேர்க்கச் சொல்லிக் கல்லூரி அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். திட்டம் எனக்கு எதுவரை பணம் தந்தது, எப்போது நிறுத்தியது என்று ஒரு வரி சேர்த்தேன். நிர்வாகத்தைச் சேர்க்கவில்லை. மறுபடி திருப்பினார்கள். அதையே மறுபடி கொடுத்தேன். கடைசியில் முதல்வரின் கையெழுத்து விழுந்தது.

வாய்மொழித் தேர்வு முடிந்து எல்லோரும் வாழ்த்தினார்கள். முதல்வர் கை நீட்டவில்லை. நானும் நீட்டவில்லை.