பீரங்கிச் சக்கரத்தில் பேரீச்சங்கொட்டை

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்குக் கோபம் வராது. என் மனைவி ஸோஹ்ராவே ஒரு மாதம் நம்பவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். ஒவ்வொரு நாளும் எத்தனை மணி, எத்தனை நிமிஷம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டு இன்றும் என் பட்டறையில் ஸ்பானர் பெட்டிக்கு மேல் கிடக்கிறது.

நான் முன்ஸிஃப். கிணற்று மோட்டார் மெக்கானிக். துனீசியாவின் தென்மேற்கு மூலையில், உப்பு ஏரி ஓரத்துப் பேரீச்சந்தோப்பு ஊர் எங்களுடையது. ஒருவனுக்குச் சீட்டாட்டம் பிடிக்கும், ஒருவனுக்குப் புறா. எனக்குப் பழைய இரும்பு. கோட்டைச் சுவரோரம் அறுபது வருஷமாய்த் துருவேறிக் கிடந்த பிரெஞ்சுக்காரன் பீரங்கியை, நோன்பு திறக்கும் நேரத்தில் மறுபடி முழங்க வைக்கிறேன் என்று நகராட்சியில் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அதிகாரி ஒரே நிபந்தனைதான் போட்டார். "முதல் நோன்பன்னைக்கு வெடிக்கணும் முன்ஸிஃப். வெடிக்கலேன்னா அது வாயில சிமென்ட்டை ஊத்தி ரவுண்டானாவுல நிக்க வெச்சிருவேன்."

தோப்புக்குள் இருக்கும் என் கொட்டகைக்கு இழுத்து வந்தேன். பின்பக்கத்தில் வெடிமருந்தைப் போட்டு மூடுகிற கனமான இரும்புக் கதவு ஒன்று உண்டு. துரு அதை அப்படியே கடித்துப் பிடித்திருந்தது. டீசல் ஊற்றி, சூடு வைத்து, தட்டித் தட்டி, இடுப்பு ஒடிந்து, ஒருவழியாய் ஜனவரி 18 மதியம் திறந்தேன்.

அன்று மாலை 5:48. கை கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம்.

டக்.

கதவு மூடியிருந்தது. பிடியை இழுத்தால் வரவில்லை. ஐந்து மணி நேரம் மாரடித்துத் திறந்த கதவு! எனக்கு வந்த ஆத்திரத்தில் சுத்தியலைத் தூக்கி எறிந்தேன்.

காலையில் அதே கதவு வெண்ணெய் மாதிரித் திறந்தது. பீரங்கிச் சக்கரத்தின் மேல் ஒரு பேரீச்சங்கொட்டை இருந்தது. ஈரமாக, இப்போதுதான் வாயிலிருந்து எடுத்து வைத்ததுபோல.

இதெல்லாம் என் மைத்துனன் லஸ்ஹரின் வேலை என்று முடிவு கட்டினேன். டாக்ஸி ஓட்டுகிறான், சும்மா இருக்கும் நேரமெல்லாம் அடுத்தவனைக் கலாய்ப்பதுதான் அவன் தொழில். "ஏண்டா, தின்னா கொட்டையைத் தோப்புல துப்பு. என் பீரங்கி மேல எதுக்குடா வைக்கிற?"

"மச்சான், எனக்குச் சர்க்கரை வியாதி. பேரீச்சம்பழத்தைப் பார்த்தே ரெண்டு வருஷமாச்சு. உன் பீரங்கிக்குப் பல்லு மொளைச்சிருக்கும், வாயைத் தொறந்து பாரு."

தினமும் இதே கூத்து. பகலெல்லாம் திறந்து, தேய்த்து, கிரீஸ் போட்டு வைப்பேன். சாயங்காலம் டக். 5:55. 6:03. 6:10. நாளுக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம் தள்ளிப்போனது. வெயில் இறங்கினால் இரும்பு குளிர்ந்து சுருங்கத்தானே செய்யும், அதுதான் என்று மெக்கானிக் மூளை சமாதானம் சொன்னது. ஸ்பிரிங்கை மாற்றினேன். பிடியைக் கழற்றி மாட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. காலையில் எழுந்தால் ஒரு கொட்டை. லஸ்ஹரின் மூஞ்சிக்கு நேரே கொட்டிக் காட்டுவதற்காக ஒரு கிரீஸ் டப்பாவில் சேர்த்து வைத்தேன்.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. இன்றைக்கு எப்படி மூடுகிறாய் பார்க்கிறேன் என்று, ஆலிவ் மரக்கட்டை ஒன்றைச் செதுக்கிக் கதவின் சந்தில் அடித்து இறக்கினேன்.

6:14. டக் வரவில்லை. சிரித்தேன்.

அப்புறம்தான் அது கேட்டது. பீரங்கிக்கு அந்தப் பக்கம், யாரோ வறண்ட தொண்டையில் எச்சில் விழுங்கும் சத்தம்... ஒரு தடவை... இன்னொரு தடவை...

சுற்றி வந்து பார்த்தேன். ஒருவரும் இல்லை. விளக்கைக்கூட அணைக்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் காலை கட்டை இரண்டாய்ப் பிளந்து தரையில் கிடந்தது. அன்று மட்டும் சக்கரத்தில் கொட்டை இல்லை.

முதல் நோன்பு. மார்ச் 1. காலையிலிருந்தே புழுதிக் காற்று. சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பீரங்கியை இழுத்துவந்து நிறுத்தியிருந்த கோட்டை மேட்டில் ஊரே கூடிவிட்டது. அந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு, பீரங்கி முழங்கிய பிறகுதான் பள்ளிவாசலில் பாங்கு. அதிகாரி நேரம் போட்ட தாளை நீட்டினார். 6:13. பசி, தாகம், பதற்றம். வாங்கிப் பையில் வைத்தேன், சரிபார்க்கவில்லை.

6:12. மருந்துப் பையை உள்ளே வைத்துக் கதவைத் தள்ளினேன்.

மூடவில்லை.

நாற்பது நாளாய் வேண்டாம் வேண்டாம் என்றபோது மூடிய கதவு, ஊரே பார்க்கும்போது மூடமாட்டேன் என்றது! தோளால் முட்டினேன். காலால் உதைத்தேன். 6:13 போனது. 6:15...

"முன்ஸிஃப், பக்கத்து வீட்டுல பட்டாசு இருக்கு, வாங்கிட்டு வரவா?" என்று எவனோ கத்தினான். கூட்டம் சிரித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"போதும்ப்பா. நாளைக்குச் சிமென்ட்டுதான்" என்றார் அதிகாரி.

சந்தில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்க்க, மருந்துப் பையை வெளியே எடுத்து லஸ்ஹரிடம் கொடுத்தேன். மருந்து கொண்டுவந்த இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"மச்சான், விட்டுரு. போலாம்."

6:24. எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னேன். நானும் தள்ளி வந்து முகத்தைத் துடைத்தேன்.

6:25.

பிடி... தானாகத் திரும்பியது.

டக்.

சுடுவதற்கு இழுக்கும் கயிறு விறைத்தது. அதன் மறுமுனை, யாரும் பிடிக்காமலே, காற்றில் நின்றது.

இடி மாதிரி முழங்கியது.

புகை வரவில்லை. நெருப்பு வரவில்லை. சத்தம் மட்டும். கோட்டைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஊர் முழுக்க "பிஸ்மில்லாஹ்". பாங்கு கிளம்பியது. அதிகாரி என் முதுகில் தட்டினார்.

லஸ்ஹர் தட்டவில்லை. பெட்டியிலிருந்து எழுந்து மூடியைத் திறந்தான்.

மருந்துப் பை உள்ளேயே இருந்தது.

மறுநாள் எங்கள் ஊர் மப்ரூக்கா அம்மா கொட்டகைக்கு வந்தார். எழுபது வயது இருக்கும். எடுத்த எடுப்பிலேயே சண்டைதான். "ஏம்ப்பா முன்ஸிஃப், நேத்து உன் தாளில என்ன நேரம்?"

எடுத்துக் காட்டினேன்.

"இது தலைநகர் நேரம்டா! அங்க சூரியன் மறைஞ்சு பன்னெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் இங்க மறையும். சின்னப் பிள்ளைக்குத் தெரியுமே! கதவு மட்டும் மூடியிருந்தா ஊர் நோன்பையே முறிச்சிருப்பே. எங்கப்பா பண்ண அதே தப்பு."

அவர் அப்பா லமீன், இந்தப் பீரங்கியைச் சுட்டுக்கொண்டிருந்தவர். ஊருக்கு முதல் ரேடியோ வந்த வருஷம். அன்றும் புழுதிக் காற்று. காப்பிக்கடை ரேடியோவில் தலைநகரின் பாங்கு கேட்டதும், நேரமாகிவிட்டது என்று சுட்டுவிட்டார். ஆயிரத்து நூற்று எண்பது பேர் நோன்பு முறிந்தது.

"அவங்கவங்க நோன்பை அவங்கவங்களே திருப்பிப் பிடிச்சுட்டாங்க. இமாமும் போதும் விடுன்னாரு. இவரு கேட்டாத்தானே? ஆயிரத்து நூத்தி எண்பதையும் நானே பிடிக்கிறேன்னு உக்காந்துட்டாரு. தினமும் சாயங்காலம் பீரங்கிக் கதவை மூடுவாரு, ஒரு பேரீச்சம்பழம் தின்னு நோன்பு திறப்பாரு, கொட்டையைச் சக்கரத்து மேல வைப்பாரு. நான்தான் காலையில எடுத்து எண்ணுவேன்."

கிரீஸ் டப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். "முடிச்சாராம்மா?"

"எங்க முடிச்சாரு? மவுத்தாகிக் கண்ணை மூடினப்ப நாப்பத்திரெண்டு பாக்கி."

அவர் போனதும் கிரீஸ் டப்பாவைத் தரையில் கொட்டினேன். மூன்று தடவை எண்ணினேன்.

நாற்பத்தொன்று.

அந்த ஒரு நாள்... கட்டையை அடித்தது நான்தான்.

அதற்கப்புறம் நோன்பு மாதம் முழுக்கக் கதவு சொன்னபடி கேட்டது. ஊர் நேரத்துக்கு நானே மருந்து வைத்துச் சுட்டேன். தானாக ஒருநாளும் மூடவில்லை; அந்த மாதத்தில் பழைய பாக்கி நோன்பைப் பிடிக்க முடியாதே. பெருநாளன்று நோன்பு பிடிக்கக்கூடாது அல்லவா. அன்றும் ஒன்றுமில்லை.

பெருநாளுக்கு மறுநாள், ஏப்ரல் 1. பீரங்கியைக் கொட்டகைக்கே திருப்பி இழுத்து வந்திருந்தேன். கதவைத் திறந்து வைத்தேன். சக்கரத்தின் மேல் என் தோப்பின் நல்ல பழமாய்ப் பார்த்து ஒன்று வைத்தேன். மன்னிச்சிருங்க என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, வாசலில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

6:48.

டக்.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. விடிந்த பிறகுதான் உள்ளே போனேன். பழம் இல்லை. கொட்டை இருந்தது... ஈரமாக.