கிழவி கடித்துக் கொடுத்த கடிவாளம்

ஒக்கலிபுரத்தில் ரயில்வே சுவரை ஒட்டிக் குதிரை லாயம் எங்கே என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் இரண்டாம் கேள்வி கேட்காமல் கொண்டுவந்து விடுவார். அந்த லாயம் என்னுடையது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற தொழில். பெங்களூரில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் வேறு யாரும் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பேண்டு வாத்தியம் காதுக்குள் ஊதினாலும் சரவெடி காலடியில் வெடித்தாலும் அசையாமல் நிற்கிற குதிரை என்னிடம் மட்டும்தான் உண்டு. என் குதிரைகள் ரயில் சத்தத்தில் தூங்கி ரயில் சத்தத்தில் எழுகிறவை. பட்டாசெல்லாம் அதுகளுக்குக் கொசுக்கடி.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சிட்டி ஸ்டேஷன் வாசலில் மூட்டை தூக்கியவன். யாரும் கைகொடுத்து என்னை மேலே தூக்கிவிடவில்லை. தூக்கியது ஒரே ஒரு குதிரை.

ஹொசகோட்டே பக்கம் ஒரு தோட்டத்தில் அவளைப் பார்த்தேன். வெள்ளைப் பெட்டை. முதுகில் யாரையும் ஏற்றமாட்டாள், கடிக்கிறாள் என்று ஒரு மூலையில் ஒதுக்கிக் கட்டியிருந்தார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன். அவ்வளவுதான் செய்தேன். அரை மதியம் கழிந்ததும் அவளே வந்து என் சட்டைப்பைக்குள் மூக்கை விட்டாள். அன்று சாயங்காலமே அவளை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அவளுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. லாயத்தில் எல்லோருக்கும் அவள் கிழவி. இப்போது லாயத்தில் இருக்கிற மற்ற நான்கும் அவள் முதுகில் உட்கார்ந்து போன மாப்பிள்ளைகளால் வந்ததுதான்.

பழக்கிய பிறகு அவள் ஏற்றிப்போன முதல் மாப்பிள்ளைக்கு முதல் வருஷமே இரட்டைப் பிள்ளை. அதைக் கேள்விப்பட்டு அடுத்தவர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் நல்லதுதான் நடந்தது. அதிலிருந்து ஒரு வழக்கம் உண்டானது. சிக்கப்பேட்டையில் வெள்ளித் தகடு போட்டு ஒரு கடிவாளம் செய்து வைத்திருந்தேன். எந்தக் குதிரை கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் அந்தக் கடிவாளத்தை முதலில் கிழவி வாயில் வைப்பேன். அவள் இரண்டு தடவை மென்று கொடுப்பாள். துடைக்கமாட்டேன். துடைத்தால் ராசி போய்விடும். அப்படியே எடுத்துக் கிளம்புகிற குதிரையின் வாயில் மாட்டுவேன். நான் கற்பூரம் காட்டுவேன், என்னோடு ஆரம்பத்திலிருந்தே குதிரை பார்த்துக்கொள்ளும் பாய் பக்கத்தில் நின்று பிஸ்மில்லா சொல்வார். இரண்டு சாமியும் சேர்ந்து அனுப்பிவைத்த குதிரை எங்கே மிரளும்?

இந்த வருஷம் ஆஷாட மாதம், கல்யாணம் இல்லாத நாட்களில், ஒரு தரகர் மூலமாக ஒரு பழுப்புக் குட்டியை வாங்கினேன். மூன்று வயது. வந்த அன்றே ராசிக்காகக் கடிவாளத்தைக் கிழவி வாயில் வைத்து எடுத்து அவனுக்கு மாட்டிப் பார்த்தேன். ராஜா மாதிரி நின்றான். பத்து நாள் கழித்து ஒரு காலையில் கொள்ளைத் தொடவில்லை. கழுத்தை முன்னால் நீட்டியபடியே நின்றான். உடம்பு அனல். மறுநாள் மூக்கில் மஞ்சளாக ஒழுகியது. அதற்கும் மறுநாள் தாடைக்கு அடியில் எலுமிச்சை அளவு வீங்கியது. தண்ணீர் குடித்தால் பாதி மூக்கு வழியாகத் திரும்பி வந்தது.

"அண்ணே, இது புதுசு கொண்டாந்த பிமாரி, சீக்கோடவே வந்திருக்கு" என்றார் பாய். "தரகன் ஏமாத்திட்டான்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. தரகருக்குப் போன் போட்டுக் கன்னடத்திலும் தமிழிலும் எனக்குத் தெரிந்த உருதுவிலும் வைதேன். அந்த ஆள் கடைசிவரைக்கும், "நன்னா இருந்த குதிரைங்க, சாமி மேல ஆணை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் நம்பவில்லை. அந்த வாரமே எங்கள் கறுப்புக் குதிரை கறுப்பனுக்கும் தாடை வீங்கியது.

எனக்கு நோய் தெரியாது என்று நினைக்க வேண்டாம். குதிரைக்கு வாய்ப்பூட்டு வந்தால் தூரத்தில் நின்றே சொல்லிவிடுவேன். நாலு காலும் மேஜைக்கால் மாதிரி விறைத்து, வால் தூக்கி, கண்ணின் ஓரத்துச் சவ்வு பாதி கண்ணை மூடும். தண்டவாளத்து ஆணி குத்தி என் குதிரை ஒன்று அப்படிச் செத்திருக்கிறது. அன்றிலிருந்து ஆண்டுக்கொரு தடவை எல்லாக் குதிரைக்கும் டெட்டனஸ் ஊசி. அடைப்பான் வந்த மாடு எப்படிச் சாகும் என்றும் தெரியும். ஆனால் இந்தத் தாடை வீக்கத்துக்கு மட்டும் எனக்கு ஒத்தடம்தான் தெரியும். அதனால் தொம்மலூரில் இருக்கும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். என் மகள் வயது. குதிரையின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போன் பேசுவார், அவ்வளவு தைரியம்.

அவர் பழுப்பனின் கட்டியைக் கீறி, வந்த சீழைக் கண்ணாடித் துண்டில் தடவி, ஒரு குழாயிலும் எடுத்துக்கொண்டார். மறுநாள் தன் கிளினிக்குக்கு என்னை வரச்சொல்லி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். வெளிர் சிவப்பு நிறத்துக்கு நடுவே ஊதா நிறத்தில் சின்னச் சின்ன உருண்டை. ஒன்றோடு ஒன்று கோத்த மாதிரி நீளநீளமாக.

"கருகமணி மாதிரி இருக்குதும்மா."

"ஸ்ட்ரெப்டோகாக்கஸ்ங்கையா. கிராம் பாசிட்டிவ் கூட்டம். ஊதாச் சாயம் போட்டு அப்புறம் ஸ்பிரிட்டால கழுவுவோம். இதுங்களுக்கு மேல்தோல் தடிமன். எவ்ளோ கழுவுனாலும் சாயத்த விடாது."

"நம்மாளு மாதிரின்னு சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். நான் விடவில்லை. "வாய்ப்பூட்டுக் கிருமி?"

"அதுவும் ஊதாதான். ஆனா கம்பி மாதிரி நீட்டமா இருக்கும்."

"அடைப்பான்?"

"ஆந்த்ராக்ஸா? அதுவும்தான் ஐயா. உங்களுக்கு எல்லா ஊதாவும் பழக்கமாயிருக்கே. இதுக்குப் பேரு ஸ்ட்ராங்கிள்ஸ். குதிரை கழுதைக்குத்தான் பிடிக்கும். மூக்கோட மூக்கு, ஒரே வாளித் தண்ணி, ஒரே கடிவாளம், நம்ம கை, எல்லாத்து வழியாவும் போகும்."

லாயத்துக்கு வந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். வாளி தனியா? இல்லை, ஒரே தொட்டி. துணி? ஒன்றுதான். பிறகு, "உங்க குதிரைங்கள்ல எதுக்காவது முன்னாடி இதே மாதிரி வீங்கியிருக்கா?" என்றார்.

இங்கேதான் நான் பெருமை பேசினேன். "கிழவிக்கு வந்துச்சும்மா, வாங்கின புதுசுல. டாக்டர் கிட்டயே போகல. மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுக் கட்டி நானே உடைய வெச்சேன். அதுக்கப்பறம் ஒரு நாள் ஜுரம்னு படுத்ததில்ல. எங்க எல்லாரையும் விட அவதான் கெட்டி. அவ வாய் ராசியான வாய். பாருங்க." கடிவாளத்தை எடுத்துவந்து எப்படிச் செய்வோம் என்று காட்டினேன். கிழவி வழக்கம்போல இரண்டு தடவை மென்றாள். எடுத்து, துடைக்காமல், வெளியே தூக்கிப் பிடித்தேன். எச்சில் வெயிலில் மின்னியது.

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு கடிவாளத்தை என் கையிலிருந்து வாங்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார்.

"ஐயா, புதுக் குதிரை நோயக் கொண்டு வரல. இங்க வந்து வாங்கியிருக்கு."

சில குதிரைகளுக்கு வீக்கம் ஆறிவிடுமாம். ஆனால் தொண்டைக்கு மேலே, காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் பை மாதிரி இடம் இருக்கிறது. அதில் சீழ் தங்கிக் காய்ந்து கிருமியைப் பத்திரமாக வைத்திருக்கும். குதிரைக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. வருஷக்கணக்கில் நடமாடும், மற்றதுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இத்தனை வருஷத்தில் புதிதாக வந்த ஒவ்வொரு குட்டிக்கும் முதல் மாதம் ஏதோ ஒரு ஜுரம் வந்து போனது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊர் மாறினால் வரும் ஜுரம் என்று நான் பெயர் வைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கிழவிக்கு லேசாக மயக்க ஊசி போட்டு, நின்றபடியே மூக்கு வழியாகக் கேமரா குழாயை விட்டார்கள். நான் அவள் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தேன். சின்ன டிவியில் இடது பக்கப் பையின் தரையில் அது தெரிந்தது. பனீர்த் துண்டு மாதிரி ஏழு உருண்டைகள், பளபளவென்று. டாக்டரம்மா கம்பிக் கூடையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பிறகு பையைக் கழுவி, பென்சிலின் கலந்த கூழை உள்ளே விட்டார்.

"இனி வாரா வாரம் கழுவித் தண்ணிய டெஸ்ட் பண்ணணும். வரிசையா மூணு தடவ சுத்தமா வரணும். அதுவரைக்கும் இவ தனியாத்தான் இருக்கணும்."

"வரலன்னா?"

"மத்ததுங்களோட சேக்கவே முடியாதுங்கையா."

பாய் மெதுவாகச் சொன்னார். ஓசூர் தாண்டி ஒரு பண்ணை இருக்கிறது, வயதான மாடு குதிரையெல்லாம் வைத்துக்கொள்வார்கள் என்று. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பழுப்பனுக்கு ஒத்தடம் கொடுக்கப் போய்விட்டார். தனியாகக் கட்டின கிழட்டுக் குதிரை எத்தனை நாள் தின்னும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் விடியலில் அவளை ஒக்கலிபுரத்திலிருந்து ஆஸ்டின் டவுனுக்கு, என் வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரர்கள் பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்கள். துணி துவைக்கிற இடத்தில் கட்டினேன். என் வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்யா, ஊர்ல இருக்கிற மாப்பிள்ளைக்கெல்லாம் குதிர விட்ட. என் கல்யாணத்துக்கு நீ வந்தது பஸ்ஸுல. இப்ப குதிரய என் துவைக்கிற கல்லுல கட்டுற."

"உடம்பு சரியில்லம்மா அவளுக்கு."

"அவளுக்கா? ஒழுங்காத்தான் நிக்கிறா. உன் மூஞ்சிதான் சரியில்ல."

முதல் வாரம் கழுவிய தண்ணீரில் கிருமி இருந்தது. இரண்டாம் வாரம் இல்லை. மூன்றாம் வாரம் மறுபடியும் இருந்தது. கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். ஆவணி வந்தது, கல்யாணங்கள் வந்தன. கறுப்பனும் பழுப்பனும் ஆறும்வரை, மற்ற இரண்டுக்கும் தினம் இருவேளை ஜுரம் பார்த்து முடியும்வரை ஒன்றையும் வெளியே அனுப்பவில்லை. கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னேன். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுமாறியது, பொய் சொல்லவில்லை.

கிழவி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனியைக் குறைத்தாள். கொள்ளை வேகவைத்து, கேரட் துருவிப் போட்டு, வெல்லம் கலந்து என் வீட்டுக்காரியே வாயருகே நீட்டினாள். என்னோடு குடித்தனம் பண்ணிய இத்தனை வருஷத்தில் அவள் குதிரையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பிறகு சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொள்வாள், டாக்டரம்மா சொன்னபடி. கிழவி ஒரு வாய் வாங்குவாள். பிறகு தலையைத் தூக்கிச் சந்து முனையைப் பார்த்து ஒரு கனைப்பு. பதில் வராது. ரிச்மண்ட் ரோட்டுப் பக்கமிருந்து ஹார்ன் சத்தம்தான் வரும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. நான் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. உள்ளுக்குள் ஓசூர்ப் பண்ணையின் வழியை யோசித்து வைத்திருந்தேன். அவளை அங்கே விட்டால் நானும் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவது என்றுகூட ஒரு யோசனை.

மறுபடி ஒரு சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவது தடவை டாக்டரம்மா போனில் கூப்பிடவில்லை. நேரில் வந்தார், தொம்மலூரிலிருந்து ஸ்கூட்டரில், ஹெல்மெட்டைக் கழற்றாமலே சந்துக்குள் நுழைந்து, "கூட்டிட்டுப் போலாம் ஐயா" என்றார். கேமராவிலும் பார்த்தாராம், பை காலி, உள்தோல் நன்றாக ஆறியிருக்கிறதாம். பழுப்பனுக்கும் கறுப்பனுக்கும் டெஸ்ட் சுத்தமாம். "தனி வாளி, தனித் துணி, தனிக் கடிவாளம். அத மட்டும் விடாதீங்க."

"நான் சொன்னா சொன்னதும்மா" என்றேன். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் கவனிக்காத மாதிரி ஹெல்மெட் வாரைச் சரிசெய்தார்.

அன்றே அவளை நடத்திக்கொண்டு போனேன். ஒக்கலிபுரம் பாலத்தின் கீழே வரும்போதே அவள் காது முன்னால் சாய்ந்தது. கனைத்தாள். உள்ளிருந்து கறுப்பன் பதில் கனைத்தான், அப்புறம் எல்லாமும் சேர்ந்து. வாசலில் பாய் கதவைத் திறந்து வைத்திருந்தார். அவள் தன் இடத்துக்குப் போகவில்லை. நேராகப் பழுப்பனிடம் போனாள். அவன் தாடைக்கு அடியில் தழும்பு மட்டும் இருந்தது. அவனும் மூக்கை நீட்டினான். இரண்டு மாதமாக வாளியையும் துணியையும் கையையும் பிரித்துப் பிரித்து நாங்கள் எதைத் தடுத்தோமோ அது நடக்கப்போகிறது என்று பாய் பழக்கதோஷத்தில் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார்.

"விடு பாய்" என்றேன். "இனி பரவாயில்ல."

அவர் விட்டார். மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டு இரண்டும் மூச்சை இழுத்து இழுத்து விட்டன, ஒன்றின் மூச்சை மற்றொன்று குடிப்பது மாதிரி. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவள் பழுப்பனை விலாவால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, அவன் தொட்டியில் இருந்த கொள்ளைத் தின்ன ஆரம்பித்தாள்.