திங்கட்கிழமைக் கட்டம்

இதை இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். மூன்று பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கொஞ்சம் கண் அசந்துட்டீங்களோ?" இல்லை. அசரவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, வேலை நேரத்தில், கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். நடந்ததை அன்று ராத்திரியே மணி போட்டு ஒரு தாளில் எழுதி வைத்தேன். இதோ, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதையும் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. நர்ஸ் வேலை. ஊருக்கு வெளியே, சாலை முடிகிற இடத்தில் எங்கள் சுகாதார நிலையம். வாசல் பலகையைப் பார்த்தால் பெரிய ஆஸ்பத்திரி என்றே நினைப்பீர்கள். கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தடுப்பூசி, ரத்த அழுத்தம், சர்க்கரை, காயத்துக்குக் கட்டு, காசநோய்க்கு இலவச மாத்திரை என்று மேலிருந்து கீழ்வரை எழுதியிருக்கும். இத்தனையும் செய்ய இருந்தவள் நான் ஒருத்தி. டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். கூட்டிப் பெருக்க ஓர் ஆயாம்மா. அவள் ரெண்டரை மணிக்குக் கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகு நானும், தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜின் உறுமலும்தான்.

தங்கியதும் அங்கேயே, பின்னால் ஓர் அறையில். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் உறவுக்காரர்களே நிறுத்திவிட்டார்கள். தனியாக இருக்கிறேனே, திருடன் கிருடன் வந்தால் என்று ஒருநாள் ஆயாம்மாவிடம் பேச்சு வந்தது. "இங்க திருடன் வந்தாக்கூட, காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை குடுங்கன்னுதான் சிஸ்டர் கேப்பான்" என்றாள்.

அந்தத் தனிமையில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் டெய்லரம்மா.

ஊரின் கடைசி வீட்டில் தனியாக இருந்து துணி தைப்பவள். என் வயதுதான். புருஷன் போய்ப் பல வருஷம். காசநோய் என்று தெரிந்த பிறகு துணி கொடுப்பவர்கள்கூட வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். திங்கள், புதன், வெள்ளி, வாரம் மூன்று நாள் அவளுக்கு மாத்திரை. காலையில் வந்தால் பெஞ்சில் மற்றவர்கள் தள்ளி உட்காருவார்கள் என்று, ஒருவரும் இல்லாத நாலு மணிக்கு வருவாள். பத்து நிமிஷ வேலை. நாங்கள் அதை ஒரு மணி நேரம் செய்வோம். ஜாக்கெட் கை தொளதொளவென்று இருப்பதைப் பார்த்து, "இதைத் தச்சவன் உங்க மேல என்ன கோவத்துல இருந்தான் சிஸ்டர்?" என்று கேட்டவள் அவள்.

அந்த மாத்திரைக்கு ஒரு விதி உண்டு. வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. என் கண் முன்னால் விழுங்க வேண்டும். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். பிறகு நான் அவளுடைய அட்டையில் அன்றைய கட்டத்தில் டிக் போடுவேன். கட்டம் காலியாக இருந்தால் மறுநாளுக்குள் வீட்டுக்கு ஆள் போக வேண்டும். டிக் இருந்தால் யாரும் போக மாட்டார்கள்.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி மனைவிக்கு ஆபரேஷன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரம் லீவு போட்டேன். எனக்குப் பதிலாகப் பக்கத்து நிலையத்து நர்ஸ் காலையில் மட்டும் வந்து போவதாக ஏற்பாடு. காசநோய்க்காரர்களை ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்து மாத்திரை நீட்டுகிறவள் அவள். டெய்லரம்மா முகம் வாடிப்போயிற்று. அவங்க கையால் வேண்டாம், நானே ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்று வேளை மாத்திரையையும் தனித்தனிப் பொட்டலமாக்கிக் கையில் கொடுத்தேன். கேள்வி வரக் கூடாதே என்று திங்கள், புதன், வெள்ளி மூன்று கட்டத்திலும் அன்றைக்கே டிக் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இரக்கத்தில் செய்தது. பொய்தான், ஆனாலும் இரக்கத்தில் செய்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை வேலைக்குத் திரும்பினேன். பதில் நர்ஸ் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தாள். 'அட்டைகள் பார்த்தேன். எல்லாம் சரி.'

மத்தியானத்திலிருந்து மழை. ஆயாம்மா ரெண்டரைக்குப் போனாள். 3.40க்குக் கரண்ட் போயிற்று. ஃபிரிட்ஜ் சத்தம் நின்றதும் கட்டடமே மூச்சை நிறுத்தியது போல இருந்தது. அறை இருட்டிவிட்டது. எமர்ஜென்சி விளக்கை மேஜையில் வைத்தேன். மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. டெய்லரம்மா வருவாளா மாட்டாளா என்று மனசு அடித்துக்கொண்டது. மூன்று வேளையும் போட்டாளோ, என்னமோ...

4.05.

நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

எங்கள் இரும்பு கேட் திறந்தால் எட்டு வீட்டுக்குக் கேட்கும். அன்று கேட்கவில்லை. மழை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவளைப் பார்த்த சந்தோஷம். உள்ளே வரச் சொன்னேன். தம்பி பிள்ளைகள் கதையெல்லாம் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இருமவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன்.

பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். இடது கன்னம் முழுக்கப் பாயின் கோடுகள். ஆழமாகப் பதிந்திருந்தன. அந்தப் பக்கத்துத் தலைமுடியும் அழுந்திப்போயிருந்தது.

தூங்கி எழுந்து அப்படியே வருகிறீர்களா என்று சிரித்தேன்.

"படுத்திருந்தேன் சிஸ்டர்."

குரல் ஒரு மாதிரி இருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவளின் குரல் போல இல்லை. தரையிலிருந்து வருவது போல... கீழேயிருந்து.

மாத முதல் வாரம் என்பதால் எடை பார்க்க வேண்டும். 4.15. எடை மெஷினில் ஏறி நின்றாள். குனிந்து டார்ச் அடித்தேன்.

முள் பூஜ்யத்தில் இருந்தது.

இறங்கி ஏறச் சொன்னேன். ஏறினாள். பூஜ்யம். மெஷின் கெட்டுவிட்டது என்று நானே ஏறிப் பார்த்தேன். அறுபத்தொன்று. சரியாகத்தான் காட்டியது.

ஆனால் என்ன செய்தேன் தெரியுமா? போன மாத எடையையே எழுதினேன். நாற்பத்தொன்று. பழக்கம்.

4.25. ஐந்து மாத்திரைகளை அவள் உள்ளங்கையில் போட்டேன். டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். வாயில் போட்டாள். குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி."

ஜக்கை எடுத்தேன். டம்ளர் நிறைந்தே இருந்தது.

மறுபடி குடித்தாள். தொண்டை அசைவதைப் பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்தாள்.

நிறைந்தே இருந்தது.

"இன்னும் கொஞ்சம்..."

ஏதாவது வேலை செய்தால் பயம் போகும் என்று டார்ச்சை எடுத்தேன். வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தாள். வழக்கமாக அவள் மூச்சு என் மணிக்கட்டில் சுடும். மாத்திரை வாசனை வரும்.

மூச்சு இல்லை.

சில்லென்றும் இல்லை. சூடும் இல்லை. ஒன்றுமே இல்லை.

4.40. அட்டையை இழுத்தேன். டிக் போட்டு அனுப்பிவிட வேண்டும். போய்விடுவாள். அவ்வளவுதான்.

"போன வெள்ளிக்கிழமை நான் வந்தேனா சிஸ்டர்?"

வரவில்லை, மாத்திரைதான் கையில் கொடுத்திருந்தேனே என்றேன்.

"அட்டையில வந்ததா இருக்கு."

அட்டையில் அந்த டிக்கைப் பார்த்தேன்.

"அதான் யாரும் வரல."

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகக்கூட இல்லை. கணக்குச் சரியாகிவிட்டது போலச் சொன்னாள். பேனாவைத் திங்கட்கிழமைக் கட்டத்தின் மேல் வைத்தேன்.

"இன்னிக்கு டிக் போடாதீங்க."

"ஏம்மா? என் கண்ணு முன்னாடிதானே முழுங்குனீங்க."

"வரலன்னு இருக்கட்டும்."

"அதான் வந்துட்டீங்களே..."

"நான் வரல சிஸ்டர்."

விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது.

"கட்டம் காலியா இருந்தா ஆள் வரும்ல?"

தலையை மட்டும் ஆட்டினேன். பேனா கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் பயம். கண்ணை எடுக்கப் பயம். அவள் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5.00... 5.10...

மழை மட்டும்.

5.20.

கரண்ட் வந்தது. ஃபிரிட்ஜ் உறுமியது. ஒரு நொடி திரும்பினேன்.

நாற்காலி காலி.

மாத்திரை ஐந்தும் நாற்காலியில் கிடந்தன. உலர்ந்து.

ஓடிப்போய் என் அறையைச் சாத்திக்கொண்டேன். கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உடனே அவள் வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பயம். அது ஒன்று. இன்னொன்றையும் மறைக்கப் போவதில்லை. அங்கே ஏதாவது நடந்திருந்தால் அந்த மூன்று டிக்குக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். நாளைக் காலையில் ஆயாம்மாவை அனுப்பலாம், விதியே மறுநாள் என்றுதானே சொல்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருமுறை இல்லை. பல முறை.

6.45க்கு அதற்கு மேல் முடியவில்லை. குடையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டெய்லரம்மா மாத்திரைக்கு வரவில்லை என்று சொல்லி வழியில் ஆயாம்மாவையும் கூட்டிக்கொண்டேன். "ஒரு வேளை தவறினா மாத்திரை கோவிச்சுக்குமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

7.10. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினோம். பதில் இல்லை. பக்கத்து வீட்டு மாவுமில்காரர் வந்தார். நன்றாகத்தானே இருந்தாள், சனிக்கிழமைகூட அவள் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததே என்றார். ஞாயிற்றுக்கிழமையும் விட்டு விட்டுச் சத்தம் கேட்டதாம். அவசர வேலை போல என்று நினைத்தாராம்.

தாழ்ப்பாளை உடைத்தார்.

மெஷினுக்குப் பக்கத்தில், இடது கன்னத்தைப் பாயில் அழுத்தியபடி கிடந்தாள். வலது கால் இடுப்போடு திரும்பியிருந்தது. ஒரு கை மெஷினின் கால்மிதி மேல் இருந்தது. துணி ஒன்றும் ஊசியில் இல்லை. விழுந்து எழ முடியாமல், குரலும் எழும்பாமல், யாராவது வரட்டும் என்று கையால் மிதியை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள்.

தண்ணீர்ப் பானை அறையின் மறுகோடியில் இருந்தது.

அலமாரியில் என் பொட்டலங்கள். திங்கள், புதன் காலி. வெள்ளிக்கிழமைப் பொட்டலம் பிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விழுந்திருக்கிறாள். அந்தக் கட்டம் காலியாக இருந்திருந்தால் சனிக்கிழமையே ஆள் வந்திருக்கும்.

இதுவரை படித்த நீங்கள், ஆவி வந்து உண்மையைக் காட்டிக்கொடுத்தது என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எட்டு மணி வரைக்கும் நினைத்தேன்.

எட்டு மணிக்கு மாவுமில்காரரின் வண்டியில் டாக்டர் வந்தார். குனிந்து அவள் தாடையை அசைத்துப் பார்த்தார். அக்குளில் கை வைத்துப் பார்த்தார். எப்போதிலிருந்து கிடக்கிறாள் என்று கேட்டார். மூன்று நாளாக என்றேன்.

"கிடந்தது மூணு நாளா இருக்கலாம்" என்றார். "உடம்பு இன்னும் சூடா இருக்கு சிஸ்டர். தாடைகூட இறுகல. உயிர் போய் ரெண்டு மணி நேரத்துக்குள்ளதான்."

ரெண்டு மணி நேரம். அதாவது ஆறு மணிக்குப் பிறகு.

என் வாசலில் வந்து நின்றது நாலு அஞ்சுக்கு. தண்ணீர் கேட்டது நாலு இருபத்தஞ்சுக்கு. கரண்ட் வந்தது அஞ்சு இருபதுக்கு.

வந்தது ஆவியில்லை.

அப்போது அவள் உயிரோடு இருந்தாள்.