புகை நாட்களின் கட்டணம்

நவம்பர் பிறந்தால் தில்லியில் எல்லோரும் காலையில் எழுந்ததும் போனில் காற்றின் மாசு எண்ணைப் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன், ஆனால் மூச்சுக்குப் பயந்து இல்லை. எண் நானூற்றைத் தாண்டி அங்கேயே நின்றால் பள்ளிகளை மூடச் சொல்வார்கள், ஆபீஸில் பாதிப் பேரை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்வார்கள். அம்மா அப்பா வீட்டிலேயே இருந்தால் பிள்ளையை என்னிடம் எதற்குக் கொண்டுவந்து விடுவார்கள்? பிறர் பிள்ளைகளைக் காலையிலிருந்து மாலைவரை வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில்.

ஆர்.கே.புரம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தோம். கணவர் ஓய்வுபெற்றதும் அதைக் காலி செய்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு சந்தில் தரைத்தளத்துக்கு வாடகைக்கு வந்தோம். அவர் பென்ஷன் மளிகைக்கும் மருந்துக்கும் சரியாகப் போய்விடும். வாடகை என் பொறுப்பு. ஆறு பிள்ளைகள், மாதம் ஆளுக்கு எட்டாயிரம். ஒரு பிள்ளை நின்றால் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம். இரண்டு நின்றால் வீட்டையே காலி செய்ய வேண்டியதுதான். இந்தக் கவலை இல்லாமல் நான் ஒரு நாளும் பால் காய்ச்சியதில்லை.

கட்டணம் கேட்க எனக்கு வாய் வராது. புதிதாக வருபவர்கள் எவ்வளவு என்று கேட்டால் எட்டாயிரம் என்பேன். அவர்கள் பதில் சொல்வதற்குள், பார்த்துச் செய்யலாம் என்று நானே சேர்த்துவிடுவேன். கணவர் இதை என் குரலிலேயே நடித்துக் காட்டிச் சிரிப்பார். அவருக்கென்ன, சம்பளத்தைப் பேரம் பேசி வாங்கியிருந்தால் தெரியும்.

போன வருஷ நவம்பரில் அந்த உத்தரவு வந்தது. ஆறில் ஐந்து பிள்ளைகள் பன்னிரண்டு நாள் வரவில்லை. யாரும் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். திரும்பி வந்த அன்று, மகனுக்கு ஷூ மாட்டிக்கொண்டே ஒரு அம்மா, இந்த மாதம் பாதி நாள் இவன் வரவே இல்லை அல்லவா ஆன்ட்டி என்று சும்மா சொன்னாள். பையனை நிறுத்திவிடப் போகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். மெயின் ரோட்டில் புதிதாக ஒரு ப்ளே ஸ்கூல் வேறு பலூன் கட்டித் திறந்திருந்தார்கள். மறுநாளே ஐந்து பேரையும் தனித்தனியாகப் போனில் கூப்பிட்டு, இந்த மாதம் பாதி கொடுத்தால் போதும் என்றேன். சந்தோஷப்பட்டார்கள். அந்த மாத வாடகைக்கு என் வளையல் ஒரு ஜோடி அடகுக்குப் போனது.

ஆறாவது பிள்ளையின் அம்மா ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ். திருநெல்வேலிப் பக்கம். கணவன் எல்லையில் ராணுவத்தில் இருந்தான். புகை வந்தால் ஆஸ்பத்திரியில் கூட்டம்தான் கூடும், வீட்டிலிருந்து வேலை பார்ப்பதெல்லாம் அவளுக்கு ஏது? அவளுக்காக மட்டும் ஆறேமுக்காலுக்கே கதவைத் திறப்பேன். இரண்டரை வயதுப் பெண் குழந்தை, அந்தப் பன்னிரண்டு நாளும் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். ஒன்றாம் தேதி எப்போதும்போல முழுக் கட்டணம் அனுப்பினாள். நானும் எப்போதும்போல வாங்கிக்கொண்டேன்.

இந்த வருஷம் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினார். பெற்றோர்கள் ஆசைப்பட்டார்கள் என்று தவணையில் வாங்கிய காற்றுச் சுத்திகரிப்பு மெஷின் வேறு மாதாமாதம் பணம் கேட்டது. புகைக்காக வாங்கிய மெஷின், புகை வந்தால் பிள்ளைகள் வருவதில்லை. இன்னொரு பாதி மாதத்தை என்னால் தாங்க முடியாது என்று தெரிந்ததும், தீபாவளிக்கு முன்பே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கணவர் ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தார். "மேற்படி பொருள் தொடர்பாக" என்று ஆரம்பித்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே மூன்று நாள் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் இதைப் போட்டேன்: "போன வருஷம் புகை நாட்களில் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தது போல இந்த வருஷம் முடியாது. பிள்ளை வராவிட்டாலும் இடம் அதற்கென்றே இருக்கும். தப்பாக நினைக்க வேண்டாம்."

அனுப்பிவிட்டுப் போனை அரிசி டப்பாமேல் கவிழ்த்து வைத்தேன். யார் யார் போவார்கள் என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே எண்ணினேன். பத்து நிமிஷத்தில் ஐந்து பேரிடமிருந்தும் கட்டைவிரல் வந்துவிட்டது. இது நியாயம்தானே ஆன்ட்டி என்று ஒருத்தி எழுதியிருந்தாள். ஒரு வருஷமாக இதற்கா செத்துப் பிழைத்தேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. பிள்ளைகளுக்குக் கேசரி கிண்டினேன்.

நர்ஸ் பதில் போடவில்லை. அவள் டியூட்டியில் போனைத் தொடமாட்டாள் என்பதால் அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. சாயங்காலம் வந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்ட பிறகுதான் கேட்டாள்.

"மெசேஜ் பாத்தேங்கா. போன வருசம் பாதி குறைச்சீங்களோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவங்க பிள்ளைங்க வரலை, அதான், என்று ஏதோ இழுத்தேன். இந்த நவம்பருக்கு உனக்கு மட்டும் பாதி போதும் என்றேன். போன வருஷத்தையும் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன். எங்கிருந்து எடுத்துத் தந்திருப்பேனோ.

"ரூவா வேண்டாங்கா. எம் பிள்ளை வந்துச்சு, குடுத்தேன். கேக்காதவங்களுக்கே நீங்களா கூப்பிட்டுக் குறைச்சிருக்கீங்க. என்னய ஒரு தடவ நெனச்சீங்களா?"

நினைக்கவில்லை. அதுதான் உண்மை. எங்கே போய்விடுவார்களோ என்று பயந்தவர்களுக்குத்தான் நான் குறைத்திருக்கிறேன். இவளுக்குப் போக்கிடம் கிடையாது. ஆறேமுக்காலுக்கு எந்த ப்ளே ஸ்கூலும் திறக்காது. இவள் போகமாட்டாள் என்று தெரிந்ததால் இவளைப் பற்றி எனக்குப் பயமே வந்ததில்லை. ஆறு பேரில் என்னைவிடக் கஷ்டப்படுகிறவள் இவள் ஒருத்திதான், இவளிடம்தான் நான் முழுசாக வாங்கியிருந்தேன். அவமானமாக இருந்தது.

அவள் சண்டை போடவில்லை. மாதம் முடியும்வரை குழந்தையைக் கொண்டுவந்தாள். கடைசி நாளில், கூட வேலை பார்க்கும் இன்னொரு நர்ஸுக்கும் சின்னப் பிள்ளை இருக்கிறது, ஷிஃப்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டையும் நாங்களே பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று சொன்னாள். கணக்கில் பாக்கி ஒன்றும் இல்லை. குழந்தையின் தட்டையும் சின்னத் தலையணையையும் பையில் வைத்துக் கொடுத்தேன். வாரேங்கா என்றாள்.

நவம்பர் மூன்றாம் வாரம் எண் நானூற்றைத் தாண்டியது, உத்தரவும் வந்தது. ஐந்து பிள்ளைகளும் வீட்டில் இருந்துவிட்டார்கள். ஐந்து பேரும் சொன்னபடி முழுக் கட்டணம் அனுப்பினார்கள். வாடகையைத் தேதி தவறாமல் கொடுத்தேன். ஆறாவது இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

உத்தரவு வந்த மறுநாள் காலை, பழக்கதோஷத்தில் எழுந்து மெஷினைப் போட்டுவிட்டு, ஆறேமுக்காலுக்கு வாசல் கதவைத் திறந்தேன். யாருக்கு என்று உள்ளேயிருந்து கணவர் கேட்டார். புகை வீட்டுக்குள் வர ஆரம்பித்தது. கதவைச் சாத்திவிட்டு மெஷினை நிறுத்தினேன்.