பலூன் ஊதிய ஞாயிற்றுக்கிழமை

இலங்கை மலைநாட்டில், பூனாகலைப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். ஒருநாள் காலை, கொழுந்து பறிக்கப் பாதையோரமாக நடந்து போன ஒரு பெண்ணை வேன் ஒன்று உரசிப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. ஓட்டியவர் விடிந்ததுமே குடித்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. ஓட்டியவரோ வேனில் விழுந்த கீறலைத் தடவித் தடவி மூன்று நாள் வருத்தப்பட்டார்.

அதன் பிறகுதான் மாதர் சங்கத்தார் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிறு காலை கூட்டம் போட்டார்கள். கேட்டது இரண்டே விஷயம். சந்தியிலுள்ள சாராயக்கடையைக் காலையில் திறக்கக் கூடாது. பொலிஸார் எங்கள் பாதைக்கும் வந்து, குடித்துவிட்டு ஓட்டுபவர்களைப் பிடிக்க வேண்டும். நான் தோட்டப் பாடசாலை வாத்தியார் என்பதால் பொலிஸுக்கு மனு எழுதும் வேலை எனக்கு வந்தது.

முதலில் எழுந்தவர் என் மச்சான், அக்காவின் கணவர். ஆட்டோ ஓட்டுகிறவர்.

"என் வாயி, என் வயிறு. நான் குடிச்சா கவர்மெண்டுக்கு என்னா? தனிமனுஷ சுதந்திரமுன்னு ஒன்னு இருக்கா, இல்லையா?"

ஆண்கள் பக்கம் கைதட்டல் பலமாக இருந்தது. முன்வரிசையில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண் எழுந்தார்.

"வாயும் வயிறும் ஒங்களோடது, சரிங்க. கையி என்னோடது தானே?"

உடனே ஆண்கள் மனுவில் திருத்தம் சொல்ல ஆரம்பித்தார்கள். 'குடித்தவர்' என்பதை 'அதிகமாகக் குடித்தவர்' என்று மாற்றச் சொன்னார் ஒருவர். அதிகம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் விரலால் ஓர் அளவு காட்டினார்கள். ஒவ்வொருவர் காட்டியதும் அவரவர் வழக்கமாகக் குடிப்பதைவிட இரண்டு விரல் உயரமாகவே இருந்தது. குளிருக்காக ஊற்றிக்கொள்வதைக் குடியில் சேர்க்கக் கூடாது என்றார் கொழுந்து லொறி ஓட்டுபவர். காலையில் கடை மூடியிருந்தால் தொழிலாளர் மனம் சோர்ந்துவிடும் என்று இன்னொருவர் கவலைப்பட்டார். பேச்சு நீண்டுகொண்டே போக, பெண்களில் பாதிப் பேர் சோறாக்க எழுந்து போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் திருத்தங்களுக்கு வாக்கெடுப்பு நடந்தது.

எனக்கும் சனிக்கிழமைகளில் இரண்டு பியர் குடிக்கும் பழக்கம் உண்டு. அக்கா வேறு பக்கம் திரும்பியிருந்தபோது ஆண்களோடு சேர்ந்து கையைத் தூக்கினேன்.

கடைசியில் மனு இப்படி வந்து நின்றது: 'அளவறிந்து அருந்தி, நிதானத்தோடு வாகனம் செலுத்துவோரைக் கண்ணியமாக நடத்துமாறு பொலிஸாரைப் பணிவன்புடன் வேண்டுகிறோம்.' சாராயக்கடையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கையொப்பம் போட ஆண்கள் வரிசையில் நின்றார்கள். பிறகு அதே வரிசை சந்திக்குப் போனது.

பிற்பகல் மூன்று மணிக்கு மச்சான் ஆட்டோவோடு என் வாசலுக்கு வந்தார். "ஏறுப்பா வாத்தியாரு, இன்னிக்கே கொண்டுபோய்க் குடுத்துப்புடுவோம்."

சாராய வாடை ஆட்டோவுக்கு முன்னால் வந்தது. ஏறாமல் இருக்க எனக்கு முழுச் சுதந்திரம் இருந்தது. ஏறினேன்.

பண்டாரவளைக்கு இறங்கும் வழியில் ஒரு வளைவை மூடுபனி மறைத்திருந்தது. பாதை இடப்பக்கம் திரும்பியது, மச்சான் நேரே போனார். ஆட்டோ தேயிலைச் செடிகளுக்குள் ஏறிச் சாய்ந்து படுத்துக்கொண்டது. என் முழங்காலில் தோல் உரிந்து இரத்தம் வந்தது. மச்சானுக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. நாங்கள் செடிகளை விலக்கிக்கொண்டு வெளியே வரும்போது ஒரு பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

"எங்க போறீங்க?" என்று தமிழிலேயே கேட்டார் அதிகாரி.

"ஒங்களப் பாக்கத்தான் சார்" என்று மச்சான் மனுவை நீட்டினார்.

அவர் நின்ற இடத்திலேயே முழுவதும் வாசித்தார். இன்னொரு தடவையும் வாசித்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"கையெழுத்து நல்லா இருக்கு." பிறகு மச்சான் பக்கம் திரும்பி, மனுவில் கேட்டிருந்த கண்ணியத்துடன், குடித்திருக்கிறாரா என்று சோதிக்கும் பலூனை நீட்டினார். "ஊதுங்க ஐயா."

நீதிமன்றத்தில் மச்சானின் லைசன்ஸை ஒரு வருடத்துக்கு நிறுத்திவைத்தார்கள். அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் ஆட்டோ சும்மா நின்றது. மூன்றாவது வாரம், தான் ஓட்டப் பழகப் போவதாக அக்கா சொன்னார். மச்சான் எகிறிக் குதித்தார்.

"பொம்பளை ஆட்டோ ஓட்டுனா ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டுங்க. தனிமனுஷ சுதந்திரமுன்னு அன்னிக்கிக் கத்துனீங்களே, நான் மனுஷி இல்லையா?"

அவர் உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் என் முழங்காலைப் பார்த்தேன்.

அக்கா இரண்டாவது முயற்சியில் பரீட்சை தேறினார். காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கும், பிறகு கர்ப்பிணிகளைக் கிளினிக்குக்கும் கொண்டுபோகிறார். பெண்கள் மற்ற ஆட்டோக்களில் ஏறாமல் இவர் வரும்வரை சந்தியில் நிற்கிறார்கள். சவாரி இல்லாமல் காய்ந்த ஆண் ஓட்டுநர்கள், தங்கள் சொந்த விருப்பத்தின் பேரில், இப்போது மாலைவரை குடிப்பதில்லை. சட்டமெல்லாம் வேண்டாம் என்று தாங்கள் சொன்னது சரியாகிவிட்டது என்கிறார்கள்.

மச்சானுக்கு லைசன்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆட்டோ கிடைக்கவில்லை.

போன மாதம் ஹல்துமுல்லையில் ஒரு கல்யாணம். பந்தலுக்குப் பின்னால் நானும் மச்சானும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டோம். திரும்பும்போது அக்கா ஓட்ட, இருவரும் பின் சீட்டில். ஒரு இறக்கத்தில் மச்சான் முன்னால் குனிந்து, "இந்த எடத்துல செகன்ட் கியர் போடணும்" என்றார்.

அக்கா ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"நடந்து வாறீங்களா?"

"இல்ல, இல்ல. நீ போ."

அக்கா தனக்குத் தோன்றிய கியரைப் போட்டு வண்டியை எடுத்தார்.